அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்த பின் கையில் பாரம்: வீக்கம் வெளியே தெரியும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்காக எனக்கு வலப் பக்கம் அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். அதன் பிறகு கீமோதெரபியும், மார்புக்கும் காறை எலும்பை ஒட்டிய பகுதிக்கும் சேர்த்துக் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது ஓராண்டை நெருங்குகிறேன். சில வாரங்களாக, காலையில் ஒன்றும் தெரியாத வலக்கை, மாலையானால் பாரமாகிவிடுகிறது. மேல்கையின் உட்பக்கம் உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பது போன்ற இறுக்கம் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கைகளும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது இதைச் சொன்னேன். முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் டேப் வைத்து இரு கைகளையும் அளந்து பார்த்து, வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை, ஆகவே இது நிணநீர் வீக்கம் அல்ல, வீங்கினால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வந்தால் முழுதாகக் குணமாகாது என்று சொல்லப்படும் ஒரு நோய்க்கு, அது வந்து சேரும் வரை காத்திருக்கச் சொல்வது எப்படிச் சரியாகும்? இப்போதே அழுத்த உறை (கையை இறுக்கிப் பிடிக்கும் மீள்துணி உறை) அணியத் தொடங்கலாமா, அல்லது தேவையில்லாமல் அணிந்தால் அதனால் கெடுதல் வருமா? வலக்கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது, அந்தக் கையில் இரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: நேர்கோடு (பிசியோதெரபிஸ்ட், புற்றுநோய் மறுவாழ்வுப் பிரிவு)

சகோதரி, நீங்கள் சொல்லும் பாரம் கற்பனை அல்ல. அக்குள் கணுக்களை எடுத்தவர்களுக்கு வீக்கம் கண்ணில் படுவதற்கு மாதக்கணக்கில் முன்பே இந்தப் பாரமும் இறுக்கமும் வருவதுண்டு. மோதிரமும் கைக்கடிகாரமும் மாலையில் பிடிக்கத் தொடங்குவதும் இதே வகைதான். சர்வதேச நிணநீரியல் சங்கம் இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. வீக்கம் இல்லாமல், நிணநீர் வடிகால் மட்டும் திணறிக்கொண்டிருக்கும் கட்டத்தைப் பூஜ்ஜிய நிலை என்று வைத்திருக்கிறார்கள். அடுத்து வரும் முதல் நிலையில் விரலால் அழுத்தினால் குழி விழும், ஆனால் கையை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலைக்குள் வடிந்துவிடும். இரண்டாம் நிலையில் உயர்த்தி வைத்தாலும் வடியாது. மூன்றாம் நிலையில் தோல் தடித்துக் கடினமாகிவிடும். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இடம். சிகிச்சைக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகிற கட்டமும் இதுதான் என்பதால், "வீங்கினால் வாருங்கள்" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வீக்கம் வெறும் தண்ணீர் தேங்குவதால் வருவதல்ல. இரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரோடு புரதமும் சேர்ந்தே கசிகிறது. அந்தப் புரதம் இரத்தத்துக்குத் திரும்பிப் போக நிணநீர்க் குழாய்களைத் தவிர வேறு வழி இல்லை. வழி அடைபட்டால் புரதம் திசுவிலேயே தங்கி மேலும் நீரை இழுக்கிறது, மெல்லிய அழற்சி நீடிக்கிறது, நாளடைவில் நார்த்திசுவும் கொழுப்பும் படிகின்றன. நீரை வெளியேற்ற முடியும். படிந்துவிட்ட நாரையும் கொழுப்பையும் கட்டுப்போட்டுக் கரைக்க முடியாது. ஆகவே நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம், நீர் மட்டும் இருக்கிற அந்தத் தொடக்க காலம்தான்.

இரண்டு சென்டிமீட்டர் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது பல இடங்களில் இன்றும் பயன்பாட்டில் இருக்கும் பழைய அளவுகோல். கையின் சுற்றளவு 26 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், கை முழுதும் ஒரே சீராக ஒரு சென்டிமீட்டர் பருத்தாலே கன அளவு ஏறக்குறைய 8 சதவீதம் கூடிவிடுகிறது. இரண்டு சென்டிமீட்டர் பருத்தால் 16 சதவீதம். இன்று ஆரம்பகாலச் சிகிச்சையைத் தொடங்கும் எல்லையாகப் பலர் கொள்வது 5 சதவீதத்தைத்தான். இன்னும் கீழே இறங்கி 3 சதவீதத்தில் தொடங்கியவர்களும் உண்டு. இரண்டு சென்டிமீட்டருக்காகக் காத்திருப்பவர் இந்த எல்லையை எப்போதோ தாண்டியிருப்பார். அதிலும் ஒரே ஓர் இடத்தில் அளந்தால், வீக்கம் வேறோர் இடத்தில் இருந்தால் தெரியவே தெரியாது.

ஆரம்பத்திலேயே பிடித்தால் பலன் உண்டா என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், அறுவைக்கு முன்பே கைகளை அளந்து வைத்துக்கொண்டு, பின்னர் மாதக் கணக்கில் தொடர்ந்து கண்காணித்தார்கள். வீக்கத்தின் தொடக்கம் தெரிந்த 43 பெண்களுக்குச் சராசரி ஏற்றம் 83 மில்லிலிட்டர்தான், கண்ணுக்குப் புலப்படாத அளவு. அவர்கள் ஆயத்த அழுத்த உறை ஒன்றைச் சுமார் நான்கு வாரம் அணிந்தார்கள். சராசரியாக 48 மில்லிலிட்டர் வடிந்தது. பின்னர் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. ஒரு பிரிவினரை டேப்பாலும், மற்றொரு பிரிவினரை உயிர்மின் தடை அளவி என்ற கருவியாலும் கண்காணித்து, மாற்றம் தெரிந்த உடனே நாளுக்கு 12 மணி நேரம், நான்கு வாரம் அழுத்த உறையும் கைப்பட்டையும் அணியச் செய்தார்கள். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் பிறகு நாள்பட்ட வீக்கத்துக்குப் போனவர்கள் டேப் பிரிவில் 19.2 சதவீதம், கருவிப் பிரிவில் 7.9 சதவீதம். அந்தக் கருவி மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கையின் வழியே செலுத்தி, செல்களுக்கு வெளியே எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. வலி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். கருவி இல்லாத இடத்தில் டேப் போதும், ஆனால் முறையாக அளக்க வேண்டும்.

உங்கள் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். கனம் தூக்கக் கூடாது என்ற தடை காலாவதியாகிவிட்டது. ஏற்கெனவே நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2009-இல் வெளியானது. மெல்ல மெல்ல எடை கூட்டி, பயிற்சியாளரின் கண்காணிப்பில் வாரம் இருமுறை எடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. நோய் திடீரென அதிகரிப்பது பயிற்சி செய்யாதவர்களில் 29 சதவீதமாக இருக்க, செய்தவர்களில் 14 சதவீதமாக இருந்தது. தசை சுருங்கி விரியும்போதுதான் நிணநீர் மேலேறுகிறது. கையைத் தொட்டிலில் போட்டது போல் வைத்திருந்தால் அது தேங்கத்தான் செய்யும். இரத்த அழுத்தம், ஊசி, இரத்தம் எடுத்தல், விமானப் பயணம் ஆகியவற்றுக்கும் கையின் கன அளவு கூடுவதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் 2016 ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வில் உண்மையான தொடர்பு தெரிந்தவை அக்குள் கணுக்களை முழுமையாக எடுத்தது, கணுக்கள் உள்ள பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்தது, கூடுதல் உடல் எடை, கையில் வந்த தோல் கிருமித்தொற்று ஆகியவைதான். இடக்கையைக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாத அவசரத்தில் வலக்கையில் ஊசி போட்டுவிட்டார்களே என்று தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

அழுத்த உறையை நீங்களாக வாங்கி அணிய வேண்டாம். பொருந்தாத உறை மேல்கையில் கயிறு கட்டியது போல் இறுக்கி, அதற்குக் கீழே நீரைத் தேக்கிவிடும். உள்ளங்கைப் பட்டை இல்லாமல் அணிந்தால் சிலருக்குப் புறங்கை வீங்கும். நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். "பாரம் இருக்கிறது, முறையாகக் கன அளவு பார்க்க வேண்டும்" என்றே கேளுங்கள். அதற்கு முன் அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் வந்து தானே மறைந்த வீக்கம் ஏதேனும் இருந்ததா என்பதையும் நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள், அதையும் கேட்பார்கள்.

மறுமொழி: இளவேனில்

மிகத் தெளிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஒரு சிக்கல் இருக்கிறது: அறுவைக்கு முன் என் கைகளை யாரும் அளக்கவில்லை. முன்னளவு இல்லாமல் இப்போது எதோடு ஒப்பிடுவது? நான் வலக்கைப் பழக்கம் உள்ளவள் என்பதால் அந்தக் கை இயல்பாகவே சற்றுப் பருமனாக இருக்குமே. வீட்டில் அளப்பதாக இருந்தால் எப்படி அளப்பது என்றும் சொல்ல முடியுமா?

பதில்: நேர்கோடு

நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. அறுவைக்கு நாள் குறித்த அன்றே இரு கைகளையும் அளந்து எழுதி வைக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதே இதற்காகத்தான். பழகிய கை மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது இயல்பு. முன்னளவு இருந்தால் அந்த இயல்பான வித்தியாசத்தைக் கழித்துவிடலாம். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு அறுவைக்கு முன் வலக்கை 1700 மில்லிலிட்டர், இடக்கை 1650. பிறகு அளந்தால் வலக்கை 1790, இடக்கை 1650. முன்பிருந்த விகிதம் 1.030, இப்போதுள்ள விகிதம் 1.085, இரண்டையும் ஒப்பிட்டால் ஏற்றம் 5.3 சதவீதம், அதாவது சிகிச்சை தொடங்க வேண்டிய எல்லை. வெறும் வலக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்தால், உடல் எடை கூடியதால் இரு கைகளும் பருத்ததைக்கூட வீக்கம் என்று எண்ணிவிட நேரும். விகிதமாகப் பார்க்கும்போது அந்தக் குழப்பம் வராது.

முன்னளவு இல்லாதவர்கள் இன்றைய அளவையே அடிப்படையாகக் கொண்டு, இனி அது எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருநாள் எண்ணைவிடப் போக்குதான் பேசும். உயிர்மின் தடை அளவியிலும் முன்னளவு இல்லாதவர்களுக்கென்று இயல்பு எல்லை உண்டு. அத்துடன் உங்களுக்கு அறிகுறியும் இருக்கிறது, கணுக்களும் எடுக்கப்பட்டுள்ளன, கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டுள்ளது. ஆகவே எண் எல்லையைத் தொடாவிட்டாலும் பரிசோதித்துச் சிகிச்சையைத் தீர்மானிப்பது நியாயமானதே.

அளக்கும் முறை இது. மேசையில் கையை நீட்டி, உள்ளங்கை கீழே இருக்க வையுங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து தொடங்கி, தோளை நோக்கி 4 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் டேப்பைத் தோலைத் தொடும்படி சுற்றுங்கள். தோல் குழியக் கூடாது, டேப் தொங்கவும் கூடாது, புள்ளியின் மேல்விளிம்பா கீழ்விளிம்பா என்பதை ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றக் கூடாது. அடுத்தடுத்த இரு சுற்றளவுகளைத் தனித்தனியே வர்க்கப்படுத்தி, அந்த இரு சுற்றளவுகளையும் ஒன்றோடொன்று பெருக்கி வருவதையும் அந்த வர்க்கங்களோடு கூட்டி, 4-ஆல் பெருக்கி, 37.7-ஆல் வகுத்தால் அந்தத் துண்டின் கன அளவு கிடைக்கும். 20, 22 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 140 மில்லிலிட்டர். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் கையின் கன அளவு. மாலை வேளையில் அளந்தால் எப்போதும் மாலையிலேயே அளந்து பாருங்கள், முடிந்தவரை ஒருவரே அளக்கட்டும். தினமும் அளந்து மனத்தைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். மாதம் ஒருமுறை போதும். மருத்துவமனைக் கண்காணிப்பு பொதுவாக முதல் சில ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அமையும். பெரும்பாலானவர்களுக்கு இது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்தான் தலைகாட்டும், ஆயினும் அதற்குப் பிறகு வரவே வராது என்று சொல்ல இயலாது.

பதில்: மருதம்

இளவேனில், நான் இந்த நோயின் இரண்டாம் நிலையில் பல ஆண்டுகளாக வாழ்பவள். மருத்துவர்கள் சொல்லாத சில நடைமுறை விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

தீவிரச் சிகிச்சைக் கட்டம் என்றால் என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. முதலில் கழுத்து, மறு அக்குள், வயிற்றுப் பக்கம் என்று நிணநீருக்கு மாற்று வழி திறக்கும் வகையில் மிக மென்மையாகத் தோலை நகர்த்துவார்கள்; இதுதான் நிணநீர் மசாஜ். உடம்பு பிடித்துவிடுவது போன்ற அழுத்தம் அதில் இருக்கவே கூடாது. அதன்பின் விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மெல்லிய துணிச்சுற்று, அதற்குமேல் பஞ்சு அல்லது நுரை அட்டை, அதற்குமேல் அதிகம் இழுபடாத பேண்டேஜ்களை அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். கட்டோடு கையை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். சுளுக்குக்குக் கட்டும் கிரேப் பேண்டேஜ் இதற்கு மாற்றாகாது: அது ஓய்விலும் இறுக்கிக்கொண்டே இருக்கும், கை அசையும்போதோ இழுபட்டுக் கொடுத்துவிடும். நமக்குத் தேவை இதற்கு நேர்மாறானது. வீக்கம் இதற்கு மேல் வடியாது என்ற இடம் வந்தபின் கையை அளந்து உறை தருவார்கள். அதன்பின் பகல் முழுவதும் உறைதான். துவைத்துத் துவைத்து நெகிழ்ந்துபோன உறை வெறும் துணி. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். இவ்வளவையும் நான் சொல்வது அச்சுறுத்த அல்ல. நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் சில வார உறையோடு முடியக்கூடியது, தாமதித்தால் இவ்வளவாக விரிகிறது என்று நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகத்தான்.

இன்னொன்று, கிருமித்தொற்று. கையில் சிவப்பு பரவி, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், மறுநாள் வரை பார்க்க வேண்டாம். ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டிய நிலை அது. தொற்று தணியும் வரை நிணநீர் மசாஜை நிறுத்தி வைக்க வேண்டும். உறையை அல்லது கட்டை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைச் சிகிச்சை தருபவரே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களையும் சேதப்படுத்துவதால், ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வருவது எளிதாகிவிடுகிறது. அதனால்தான் தோலைக் காய விடாமல் களிம்பு பூசுவதும், நகக்கண்ணில் வெட்டு விழாமல் பார்ப்பதும், சிறு கீறலையும் உடனே கழுவி மருந்திடுவதும் சிகிச்சையின் பகுதிகளே.

கேள்வி: ஆழி

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்; இடுப்புக்குள் உள்ள கணுக்களை எடுத்தார்கள். இப்போது இடது தொடையிலும் கணுக்காலிலும் வீக்கம். சிறுநீர் அதிகம் போகும் மாத்திரை கொடுத்தார்கள், சிறிதும் குறையவில்லை. கைக்குச் சொன்னவை காலுக்கும் பொருந்துமா? அறுவை சிகிச்சையால் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: செவ்வானம் (புற்றுநோய் அறுவை மருத்துவர்)

பெரும்பாலானவை பொருந்தும் அம்மா. ஆனால் ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கம் என்றால், நிணநீரைப் பற்றி யோசிப்பதற்கு முன் நான் இரண்டு காரணங்களை விலக்குவேன். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்பதை டாப்ளர் ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரென வந்த வீக்கம், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் அது அவசரம். இடுப்புக்குள் புற்றுநோய் மீண்டும் வந்து குழாய்களை அழுத்துகிறதா என்பதையும் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். இளவேனிலுக்கும் இதையே சொல்வேன்: கை வேகமாக வீங்கினாலோ, கடும் வலி இருந்தாலோ, கை பலவீனமானாலோ, அதை நிணநீர் வீக்கம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீர் மாத்திரை பலன் தராததில் வியப்பில்லை. அது தண்ணீரை மட்டுமே வெளியேற்றும்; நேர்கோடு விளக்கிய அந்தப் புரதம் திசுவிலேயே இருப்பதால் நீர் மறுபடியும் அங்கேயே வந்து சேரும். இதயம், சிறுநீரகம் போன்ற வேறு காரணங்களுக்காக அந்த மாத்திரை தரப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிட வேண்டாம்.

காலில் மூன்று விஷயங்கள் வேறுபடும். காலுக்கு ஈர்ப்பு விசை எதிராக நிற்பதால் கையைவிடக் கூடுதல் அழுத்தமுள்ள உறை தேவைப்படுகிறது. இரு கால்களும் வீங்கினால் ஒப்பிட நல்ல கால் இல்லாமல் போகிறது. ஆகவே இடுப்புக் கணுக்களை எடுக்கப் போகும் நோயாளிக்கு முன்னளவு இன்னும் அவசியம். கால் விரலிடுக்கில் வரும் பூஞ்சைத் தொற்று கிருமிகள் நுழையும் வாசலாகிவிடுகிறது. விரலிடுக்கைத் துடைத்து உலர வைப்பதும், பூஞ்சைக்கு உடனே களிம்பிடுவதும் காலுக்கு முதல் பாதுகாப்பு. நீங்களே செய்து பார்க்கக் கூடிய ஒரு சோதனையும் உண்டு: இரண்டாம் கால்விரலின் அடிப்பகுதியில் மேல்தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தோல் தடித்து மடிப்பாக எழும்பவில்லை என்றால் அது நிணநீர் வீக்கம் என்பதற்கு வலுவான அடையாளம். எழும்பினால் இல்லை என்று பொருளல்ல, தொடக்க நிலையில் தோல் எழும்பத்தான் செய்யும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி: நிணநீர்க் குழாயை அருகிலுள்ள நுண்சிரையோடு நுண்ணோக்கி வழியே இணைப்பது ஒரு முறை, உடலின் வேறிடத்திலிருந்து கணுக்களை அவற்றின் இரத்தக் குழாய்களோடு எடுத்துப் பொருத்துவது இன்னொன்று. குழாய்கள் இன்னும் சுருங்கி விரியும் ஆற்றலோடு இருக்கும் ஆரம்ப நிலையில்தான் முதல் முறை நன்றாக வேலை செய்கிறது. எந்தக் குழாய் உயிர்ப்போடு இருக்கிறது என்பதைப் பச்சைச் சாயம் செலுத்தி அகச்சிவப்புக் கேமராவில் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். கொழுப்பு படிந்து, அழுத்தினாலும் குழி விழாத நிலைக்குப் போனவர்களுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை இருக்கிறது. ஸ்வீடனின் மால்மோ நகரில் இதை முறைப்படுத்தி நீண்டகாலம் செய்துவருகிறார்கள். அளவு குறையும், ஆனால் அதன்பின் வாழ்நாள் முழுவதும் அழுத்த உறை அணிய வேண்டும்; அணியாவிட்டால் வீக்கம் திரும்பிவிடும். எந்த அறுவையும் உறைக்கும் பயிற்சிக்கும் மாற்றாகத் தொடக்கத்திலேயே செய்யப்படுவதல்ல. முறையான கட்டுச் சிகிச்சையைச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்தபின்பே அந்தப் பேச்சு எடுக்கப்படும். உங்களுக்கு முதலில் டாப்ளரும் இடுப்பு ஸ்கேனும் ஆகட்டும். அவற்றில் ஒன்றும் இல்லை என்று உறுதியானதும், கால்களை இரு பக்கமும் அளந்து கட்டுச் சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கச் சொல்லுங்கள்.